ஜோகுபாளையத்தில் இரண்டு ரசீதுகள்

பெங்களூரில் யோசிக்காமல் தமிழிலேயே வழி கேட்கலாம் என்ற தைரியம் வருகிற பகுதிகள் சில உண்டு. அல்சூர் அவற்றில் ஒன்று. அதை ஒட்டிய ஜோகுபாளையம் இன்னொன்று. தூத்துக்குடியில் மைசூரு எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் மெஜஸ்டிக்கில் இறக்கிவிடும். அங்கிருந்து ஊதா வழி மெட்ரோ. அல்சூர் நிலையத்தின் படிக்கட்டிலேயே, "ஓரமாப் போங்க" என்று யாரோ யாரையோ தமிழில் அதட்டும் சத்தம் கேட்டுவிடும். ஆங்கிலேயர் 1809 வாக்கில் இங்கே தண்டு அமைத்தபோது சிப்பாய்களாகவும் கொத்தனார்களாகவும் சமையல்காரர்களாகவும் வந்துசேர்ந்த தமிழர்களின் வழிவந்தவர்கள் பலர் இந்தப் பக்கத்துச் சந்துகளில்தான் இன்று பைக் நிறுத்த இடம் தேடுகிறார்கள்.

மெயின் ரோட்டை விட்டு உள்ளே நுழைந்தால் மாடிமேல் மாடி எழுப்பிய ஒல்லி வீடுகள். ஒரு வாசலில் துளசிமாடம், அடுத்த வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் லூர்து மாதா, அதற்கடுத்த மாடியில் பச்சைக் கொடி. மூன்றுக்கும் பொதுவாக மேலே தொங்குவது கேபிள் ஒயரும், பண்டிகை வாழ்த்துச் சொல்லும் அரசியல்வாதியின் பிளெக்ஸும். மாநகராட்சிக்கு 2015இல் தேர்தல் நடந்தது. அந்தக் கவுன்சிலர்களின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பிறகு வருடக்கணக்கில் வார்டுக்கு ஆளே இல்லை. 2024 கோடையில் பெங்களூரே தண்ணீருக்குத் தவித்ததே, அப்போது யாரிடம் போய்ச் சொன்னீர்கள் என்று இங்கே குடியிருக்கும் அக்காவிடம் கேட்டேன். "யார்ட்ட சொல்ல? பூச முடிஞ்சதும் சாமியார்ட்டதான் சொன்னோம். அவரு எம்.எல்.ஏ ஆபீசுக்குப் போன் போட்டாரு" என்றாள்.

அந்தப் பங்குச் சாமியார் செய்தது அரசியலா? அன்றைய காலைப் பலகாரத்தோடு இந்தக் கேள்வியும் சேர்ந்துகொண்டது. காரணம், டல்லாஸில் இருக்கும் அக்கா மகனின் வீடியோ கால். "மாமா, இங்க பாஸ்டர் இனிமே யாருக்கு ஓட்டுப் போடணும்னு பிரசங்கத்துலயே சொல்லலாமாம். வரி டிபார்ட்மெண்டே கோர்ட்ல ஒத்துக்கிட்டாங்க" என்றான். அவன் சொன்னது 2025 ஜூலையில் நடந்த விஷயம். டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்றில் மத ஒலிபரப்பாளர்கள் போட்ட வழக்கில், வழிபாட்டின்போது சபையாரிடம் நம்பிக்கையின் கண்கொண்டு தேர்தலைப் பற்றிப் பேசினால் அது தடையை மீறியதாகாது என்று அமெரிக்க வருமான வரித்துறை வாதியோடு சேர்ந்து மனு கொடுத்தது.

அந்தத் தடை 1954ஆம் வருடத்தது. லிண்டன் ஜான்சன் அப்போது டெக்சாஸின் செனட்டர். ஜனாதிபதி ஆக இன்னும் 9 வருடம் இருந்தது. தனக்கு எதிராகத் துண்டுப் பிரசுரம் அடித்துக்கொண்டிருந்த, வரிவிலக்குப் பெற்ற சில கம்யூனிச எதிர்ப்பு அமைப்புகளின் வாயை அடைக்க வரிச் சட்டத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தார். வரிவிலக்குப் பெற்ற தர்ம ஸ்தாபனம் எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ தேர்தலில் இறங்கக் கூடாது. அவர் குறிவைத்தது தேவாலயங்களை அல்ல. ஆனால் 501(சி)(3) என்ற அதே பிரிவில் தேவாலயங்களும் இருந்ததால் அவர்களும் சேர்ந்து மாட்டினார்கள்.

அத்தான் வரிக் கணக்குப் பார்ப்பவர். பெரிய கம்பெனிகளுக்கு அல்ல. பள்ளிக்கூட டிரஸ்ட், முதியோர் இல்லம், இரண்டு மூன்று சபைகள், ஒரு மாரியம்மன் கோயில் கமிட்டி என்று இந்தச் சுற்றுவட்டாரத்துக் கணக்குப் புத்தகங்கள் அவர் வீட்டு முன்னறையில் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. மகன் பேசி முடித்ததும் அவர் எழுந்துபோய்ப் பெட்டியைக் கிளறி இரண்டு ரசீதுகளைக் கொண்டுவந்து தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஒன்று பங்குக்கோயில் ரசீது. சிலுவை முத்திரை, ஊதா மை, 'திருவிழாக் காணிக்கை' என்று கையெழுத்து. இன்னொன்று ஒரு கட்சிக்கு நன்கொடை கொடுத்ததற்கான ரசீது. வழுவழுப்பான தாள், கட்சியின் பான் எண், செக் எண், அடியில் வருமான வரிச் சட்டப் பிரிவு.

"மாப்ள, இதுல எதுக்கு வரி மிச்சமாகும், சொல்லுங்க பாப்போம்?"

கோயிலுக்குக் கொடுத்ததற்குத்தான் என்று ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் சொல்வார்கள். அது அமெரிக்காவில் சரி. அங்கே தேவாலயத்தில் போடும் காணிக்கையை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். கட்சிக்குக் கொடுத்தால் ஒரு டாலர்கூடக் கழியாது. இந்தியாவில் நேர்த் தலைகீழ். கட்சிக்குக் கொடுத்த நன்கொடை முழுவதையும், பழைய வரிமுறையில் கணக்குக் கொடுப்பவர் 80ஜிஜிசி பிரிவில் கழித்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். பங்குக்கோயில் காணிக்கைக்குப் பொதுவாக ஒன்றும் கிடையாது. 80ஜி தர்மத்துக்கு, முழுக்க மதக் காரியத்துக்கு அல்ல. குறிப்பிட்ட மதத்தாருக்கோ சாதிக்கோ மட்டும் என்று இருக்கிற அமைப்புக்கும் அது கிடைக்காது. மாநிலம் முழுக்கப் பெயர்பெற்றது என்று அரசு அறிவிக்கையில் வந்த கோயில், மசூதி, தேவாலயங்களின் பழுதுபார்ப்புக்குக் கொடுத்தால் பாதியைக் கழிக்கலாம். ஜோகுபாளையத்துச் சந்துக் கோயிலுக்கு அந்தப் பாக்கியம் எங்கே?

உண்டியலில் விழுந்த பணத்துக்குக் கோயில் வரி கட்டுவதில்லை; அது வேறு. 12ஏபி பிரிவில் பதிவு வாங்கி, சாதாரணமாக ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, கணக்கைத் தணிக்கை செய்து கொடுத்தால் அந்த வருமானத்துக்கு விலக்கு உண்டு. யார் போட்டது என்று தெரியாத நன்கொடைக்கு மற்ற டிரஸ்டுகள் 30 சதவீதம் வரி கட்ட வேண்டியிருக்க, முழுக்க மதக் காரியத்துக்கான டிரஸ்டுக்கு அதிலும் விடுதலை. உண்டியலில் பெயர் எழுதிப் போடுகிறவர் யார்? கட்சிக்கும் 13ஏ பிரிவில் இதே மாதிரி விலக்கு. ஆக, சாமிக்கும் வரி இல்லை, கட்சிக்கும் வரி இல்லை. கொடுக்கிறவனுக்கு லாபம் கட்சிப் பக்கம்தான். பத்திரிகையில் இருந்துகொண்டு எத்தனையோ பட்ஜெட்டுகளைப் பற்றி எழுதியிருக்கிறேன். இந்த ஒரு விஷயம் இவ்வளவு பளிச்சென்று எனக்குப் பட்டதில்லை.

இதைப் பிடித்துக்கொண்டால் அமெரிக்கச் சட்டம் புரிந்துவிடும். கட்சிக்குக் கொடுத்தால் கழியாது, தேவாலயத்துக்குக் கொடுத்தால் கழியும் என்றால், கட்சிக்குப் போகிற பணம் தேவாலய வாசல் வழியாக நுழையப் பார்க்கும். அதை அடைக்கும் கதவுதான் 1954ஆம் வருடத்துத் தடை. 1992இல் கிளிண்டனுக்கு ஓட்டுப் போடாதே என்று நியூயார்க் மாநிலத்து பிங்காம்டன் ஊர்ச் சபை ஒன்று, தேர்தலுக்கு நான்கு நாள் முன்னால் இரண்டு தேசியப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. விளம்பரத்தின் அடியில், இந்தச் செலவுக்கு நன்கொடை ஏற்கப்படும், அதற்கு வரிக்கழிவு உண்டு என்றும் அச்சிட்டிருந்தார்கள்! வரித்துறை 1995இல் விலக்கைப் பறித்தது. 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதைச் சரி என்றது. இந்த விஷயத்தில் எல்லோரும் சொல்லிக் காட்டும் உதாரணம் இந்த ஒன்றுதான். 2008இலிருந்து சில போதகர்கள் வருடத்துக்கு ஒரு ஞாயிறு வேண்டுமென்றே வேட்பாளர் பெயரைச் சொல்லிப் பிரசங்கித்து, அந்தப் பதிவைத் தாங்களே வரித்துறைக்கு அனுப்பியும் பார்த்தார்கள். விலக்கைப் பறிக்க யாரும் வரவில்லை. போதாக்குறைக்கு அங்கே தேவாலயம் வரிவிலக்குக்கு விண்ணப்பிக்கவும் வேண்டாம், வருடக் கணக்குத் தாக்கல் செய்யவும் வேண்டாம். "இங்க ஒரு ஃபாரம் ரெண்டு நாள் லேட்டானா நமக்குத் தூக்கம் போயிடுது" என்றார் அத்தான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏரிப் பக்கம் நடந்தோம். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. 1991இல் வைத்த சிலையை மொழிச் சண்டையில் திறக்க விடாமல் 18 வருடம் மூடியே வைத்திருந்தார்கள். 2009 ஆகஸ்ட் 9 அன்று எடியூரப்பா முதல்வராக இருக்கும்போது கருணாநிதி வந்து திறந்தார். பதிலுக்கு நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை. வள்ளுவருக்கே இந்தப் பாடு. கர்நாடகக் கத்தோலிக்கத் திருச்சபைக்குள் வழிபாட்டில் கன்னடத்துக்கு முதலிடம் கேட்டுப் பல பத்தாண்டுகளாக நடக்கும் இழுபறியும் இதே கிளையில் காய்த்ததுதான். எந்த மொழிப் பூசைக்கு ஏழரை மணி, எந்த மொழிக்கு மாலை என்று அறிவிப்புப் பலகையில் எழுதுவதைவிடப் பெரிய அரசியல் பெங்களூர்ப் பங்குகளில் இல்லை. அதைக் கேட்க எந்த வரிச் சட்டமும் இல்லை.

கரையோரமாகவே கென்சிங்டன் ரோட்டில் குருத்வாரா. வெள்ளைச் சுவர், தலைக்குத் துணி கட்டிக்கொண்டு உள்ளே போனால் லங்கரில் சாப்பாடு. அதன் வாசலில் நின்றபோது அத்தான் சொன்னார்: "நம்ம ஊருக் கோயில் மேடையில அரசியல் பேசக் கூடாதுன்னு சட்டம் வந்ததே பொற்கோயிலால."

சரிதான். 1988 மே மாதம் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் பதுங்கியிருந்தவர்களை வெளியேற்ற 'பிளாக் தண்டர்' நடவடிக்கை நடந்தது. 18ஆம் தேதி முடிந்தது. 26ஆம் தேதியே அவசரச் சட்டம். அதுவே மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் 1988ஆம் வருடச் சட்டமாக ஆனது. ஆயுதம் வைக்கக் கூடாது என்பதோடு நிற்கவில்லை. வழிபாட்டு இடத்தையோ அதன் நிதியையோ திருவிழாவையோ ஊர்வலத்தையோ அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்தக் கூடாது. மீறினால் ஐந்து வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். அரசியல் நடவடிக்கை என்றால்? கட்சியின் கொள்கையைப் பரப்புவது மட்டுமல்ல. அரசியல் தன்மையுள்ள எந்தப் பிரச்சினைக்காகவும் கூட்டம் போடுவது, ஊர்வலம் போவது, பணம் திரட்டுவது எல்லாமே.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. அமெரிக்கச் சட்டம் வேட்பாளரின் பெயரைத்தான் தடுக்கிறது. கருக்கலைப்பு, போர், நிறவெறி, குடியேற்றம் பற்றிப் பேசுவதை அது தடுக்கவில்லை. தேவாலயத்தின் முக்கிய வேலையாகவே ஆகிவிடாத அளவில் சட்டம் கொண்டுவரச் சொல்லிக் கேட்கக்கூடச் செய்யலாம். நம் சட்டம் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறது. எழுத்துப்படி பார்த்தால் தண்ணீர் வரவில்லை என்று கோயில் வளாகத்தில் கூட்டம் போட்டாலும் குற்றம் என்று யாராவது வாதாடலாம். ஆனால் தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் மடம் மடமாக ஏறி இறங்குவதும், ஆசீர்வாதம் வாங்கும் படம் மறுநாள் பத்திரிகையில் வருவதும், திருவிழா மேடையில் பொன்னாடை விழுவதும் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. கடுமையாக எழுதி வைத்த சட்டத்தை எப்போது எடுப்பது, யார்மேல் எடுப்பது என்பது ஆட்சியில் இருப்பவர் கையில் இருக்கிறது.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். இதைச் சொல்லும்போது இடிந்தகரை நினைவுக்கு வராமல் இருக்காது. அங்கே லூர்து மாதா கோயில் முன்னால் போட்ட பந்தலில்தான் 2011இல் கூடங்குளம் அணு உலைக்கு எதிரான உண்ணாவிரதம் நடந்தது. கோயில் மணி அடித்தால் ஊர் கூடும். பந்தலில் பெரும்பாலும் பெண்கள். மடியில் பீடித்தட்டோடு உட்கார்ந்து இலை சுருட்டியபடியே கோஷத்துக்கு வாய் கொடுத்தார்கள். எந்தக் கட்சிக்கு ஓட்டு என்று அந்தப் பந்தலில் யாரும் கேட்கவில்லை. கடலும் மீனும் பிள்ளைகளின் உடம்பும் என்ன ஆகும் என்றுதான் கேட்டார்கள்.

2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங், 'சயன்ஸ்' பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், இந்த எதிர்ப்புக்குப் பின்னால் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்த தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகச் சொன்னார். அடுத்து வந்தது எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டம். தூத்துக்குடி மறைமாவட்டத்தின் சங்கங்களுடைய வெளிநாட்டு நன்கொடைக் கணக்குகள் முடக்கப்பட்டன. பணம் போராட்டத்துக்குப் போகவில்லை என்று மறைமாவட்டம் சொல்லிக்கொண்டே இருந்தது. அதே வருடம் செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் தடியடியும் கண்ணீர்ப் புகையும். மணப்பாட்டில் போலீஸ் சுட்டதில் அந்தோணி ஜான் என்ற மீனவர் இறந்தார். ஆயிரக்கணக்கானோர்மேல் தேசத்துரோக வழக்கு.

1988ஆம் வருடச் சட்டம் இருக்க, அரசு கையில் எடுத்தது வெளிநாட்டுப் பணச் சட்டத்தை. ஏனென்றால் அதுதான் வேகமாகக் கடிக்கும். வழக்கு, சாட்சி, தீர்ப்பு என்று காத்திருக்க வேண்டாம். வங்கிக்கு ஒரு கடிதம் போனால் போதும். முதல் எஃப்சிஆர்ஏ 1976இல், நெருக்கடிநிலைக் காலத்தில் பிறந்தது. 2010இல் புதிய சட்டம், 2011இல் விதிகள். பந்த், ஹர்த்தால், சாலை மறியல், ரயில் மறியல், சிறை நிரப்பும் போராட்டம் என்று அடிக்கடி இறங்குகிற அமைப்பை 'அரசியல் தன்மையுள்ளது' என்று அறிவிக்கலாம் என்றது விதி. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைச் சுருக்கியது: பொதுப் பிரச்சினைக்காகப் போராடுகிறார்கள் என்பதற்காக மட்டும் நன்கொடையைத் தடுக்க முடியாது, கட்சி அரசியலோடு தொடர்பு இருக்க வேண்டும். நல்ல தீர்ப்பு. இடிந்தகரைக்கு எட்டு வருடம் தாமதம். அந்த வருடம் செப்டம்பரிலேயே சட்டம் மறுபடி திருத்தப்பட்டு, நாட்டின் எந்த மூலையில் இருக்கும் அமைப்பும் வெளிநாட்டுப் பணத்தை டெல்லி ஸ்டேட் பாங்க் கிளை ஒன்றின் வழியாகத்தான் வாங்க வேண்டும் என்று ஆனது. 2021 கிறிஸ்துமஸ் அன்று அன்னை தெரசா தொடங்கிய சபைக்கே உரிமம் புதுப்பிக்கப்படாமல் போய், இரண்டே வாரத்தில் திரும்பக் கிடைத்தது.

அதற்காகச் சாமியார்கள் செய்வதெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. 1959இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். ஆட்சியைக் கவிழ்த்த விமோசன சமரத்தில் மேற்றிராணிமார் எவ்வளவு வெளிப்படையாக இறங்கினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 2017 குஜராத் தேர்தலுக்கு முன் காந்திநகர் பேராயர் தேசியவாத சக்திகளிடமிருந்து நாட்டைக் காக்க ஜெபிக்கச் சொல்லி மடல் எழுதியபோது தேர்தல் அதிகாரி விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். கேட்டதில் தப்பில்லை என்பேன். மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்டால் தேர்தலே செல்லாது என்று அதே வருடம் ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்திருந்தார்கள். ஆனால் 2021 டிசம்பரில் கர்நாடக மதமாற்றத் தடை மசோதாவை எதிர்த்து இதே பெங்களூரில் பேராயர் பீட்டர் மச்சாடோ தலைமையில் கூடியதை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். தன் சபையைப் பற்றி வரும் சட்டத்தைப் பற்றிச் சபையே பேசக் கூடாதென்றால் வேறு யார் பேசுவார்?

சாயந்திரம் திரும்பும்போது அக்கா பங்கில் மாலைப் பூசை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. சுவரில் ஒட்டியிருந்த அச்சுத் தாளில் பொதுவாக எல்லா மறைமாவட்டங்களிலும் தேர்தலுக்குத் தேர்தல் வருகிற வாசகம்தான்: வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா பாருங்கள், பணம் வாங்காதீர்கள், மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள். பழைய தாள், யாரும் கிழிக்கவில்லை. அத்தான் வாசலில் நின்ற பங்குப்பேரவைக்காரர் ஒருவரிடம் தணிக்கைக்கு இன்னும் இரண்டு ரசீதுப் புத்தகம் வரவில்லை என்று ஞாபகப்படுத்திவிட்டு வந்தார்.

டல்லாஸ் பையனுக்கு ராத்திரி நானே போன் போட்டேன். உங்கள் பாஸ்டர் வேட்பாளர் பெயரைச் சொன்னால், அந்த ஞாயிறு காணிக்கைத் தட்டில் நீ போடுகிற டாலருக்கு வரிக்கழிவு கேட்காதே என்றேன். "அதெப்படி மாமா, எல்லாரும் கேப்பாங்களே" என்றான்.

இதைப் படிக்கிறவர்களில் பங்குப்பேரவையிலோ கோயில் கமிட்டியிலோ ஜமாத்திலோ இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேட்பாளருக்கு மைக் கொடுக்காதீர்கள். அது உங்கள் மேடை அல்ல, ஊர்ப் பணத்தில் போட்ட மேடை. ஊருக்குத் தண்ணீர் வரவில்லை, பட்டா வரவில்லை, கடல் கெடுகிறது என்றால் கூடிப் பேசுங்கள். கூட்டத்தில் என்ன பேசினோம், செலவு எந்தக் கணக்கில் போனது என்பதை அன்றைக்கே மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வெளிநாட்டுக் கணக்கிலிருந்து பந்தல் வாடகைக்கு ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள். 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிக்குப் புதிய சட்டம்; மேலே சொன்னவை பழைய சட்டத்தின் பிரிவு எண்கள். ரசீதுப் புத்தகம் அச்சடிப்பதற்கு முன்னால் உங்கள் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.